ஏர் கன்: சென்னை ஈரத்தில் சில வருட அனுபவம்

அம்பத்தூர் பக்கம் சின்ன கார் ஒர்க்ஷாப் எங்களுடையது. காற்றழுத்தத்தில் சுற்றி வீல் நட்டைக் கழற்றும் அரை இஞ்ச் ஏர் இம்பாக்ட் ரெஞ்ச், நாங்கள் ஏர் கன் என்று சொல்வது, ஒன்றைச் சில வருடங்களாகத் தினமும் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறோம். பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்த விலையில் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதிதான். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, கன்னுக்கு வைத்திருக்கும் காசில் ஒரு பங்கைக் காற்றுக்கு, அதாவது ஃபில்டர், ஹோஸ் மாதிரி விஷயங்களுக்கு, ஒதுக்குங்கள் என்பதுதான்.

நம்ம ஊர்க் காற்று அப்படி. ஈரக் காற்றை கம்ப்ரஸர் அழுத்தி அனுப்ப, டேங்கில் ஆறும்போது ஈரம் தண்ணீராகப் பிரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் டேங்க் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து பாருங்கள், துரு கலந்து டீ நிறத்தில் சீறிக்கொண்டு வரும். அது கன்னுக்குள் போனால், உள்ளே சுற்றும் ரோட்டரில் உள்ள வேன்கள், அதாவது காற்று தள்ளும் சின்னத் தகடுகள், ஒட்டிக்கொள்ளும். ட்ரிகரை அழுத்தினால் புஸ்ஸென்று காற்று மட்டும் போகும், முன்னால் எதுவும் சுற்றாது. உடனே கன் போச்சு என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கு ஓட வேண்டாம். காற்று நுழையும் வாயில் ஏர் டூல் எண்ணெய் சில சொட்டு விட்டு, குறைந்த அழுத்தத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் முகத்துக்கு நேரே வேண்டாம், கறுப்பு எண்ணெய் தெறிக்கும். தினமும் டேங்கில் தண்ணீரை வடித்து, லைனில் ஃபில்டர் போட்டு, காலையில் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் வராது.

அடுத்த புகார், "நட்டு அசையவே மாட்டேங்குது." டேங்க் கேஜ் 120 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காட்டுகிறதே என்பார்கள். கன்னுக்கு வேண்டியது அது ஓடும்போது அதன் வாயில் 90 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 6.2 பார். நீளமான கால் இஞ்ச் ஹோஸும் அதைக் கன்னோடு இணைக்கும் குறுகலான கப்ளரும் இருந்தால், ட்ரிகர் அழுத்தியதுமே அழுத்தம் படுத்துவிடும். நாங்கள் 3/8 இஞ்ச் ஹோஸுக்கு மாறிய பிறகுதான் லாரி தூசி படிந்த பழைய வீல் நட்டெல்லாம் கழன்றது. ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவது தீர்வே இல்லை, கன்னுக்குள் இருக்கும் சுத்தியல் பாகம்தான் சீக்கிரம் தேயும்.

பாதுகாப்பில் ஒன்றிரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். பளபளக்கும் குரோம் சாக்கெட் கன்னில் ஏறக் கூடாது, வெடித்துச் சிதறும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான். சாக்கெட் மாற்றும்போது லைனை மூடி, ட்ரிகரை அழுத்தி மிச்சக் காற்றை விட்டுவிட வேண்டும். செலவு மிச்சம் என்று காற்று லைனுக்கு பி.வி.சி. பைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும், அது உடைந்தால் துண்டு துண்டாகப் பறக்கும். சட்டைத் தூசியை ஏர் அடித்துத் தட்டுகிற பழக்கமும் வேண்டாம். தோலில் சின்ன வெட்டு இருந்தாலே போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். அப்புறம் வீல் நட்டைக் கன்னால் இறுக்கி முடித்துவிடாதீர்கள், கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்.

சத்தம்தான் எனக்கு இன்னும் பிடிக்காதது. காதடைப்பான் போடச் சொன்னால் பசங்க கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் ஸ்டெப்னி மாற்ற மட்டும் கேட்பவர்கள் பேட்டரி கன் வாங்குங்கள், கம்ப்ரஸர் தலைவலியே கிடையாது. ஒர்க்ஷாப் என்றால், நாள் முழுக்க அடிக்க, நான் மறுபடியும் ஏர் கன்தான் வாங்குவேன்.