இன்னொருக்கா கேட்ட புத்தகங்களும் கேட்காத புத்தகங்களும்

பாப்பாவுக்கு மூன்று வயது நடக்கும்போது முதல் படப் புத்தகம் வாங்கினேன். இப்போது யூகேஜி முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இந்த மூன்று வருடத்தில் வீட்டுக்கு வந்தவை 60க்கு மேல் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழித்தபோது எண்ணினேன், 41 இருந்தது. மற்றதெல்லாம் கிழிந்து போனது, பக்கத்து வீட்டுக்குப் போனது. ஒன்று மட்டும் கீழ்பவானி வாய்க்காலோடு போனது.

வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பாப்பா என் அம்மாவிடம்தான். பாப்பாவுக்கு அமுச்சி. அம்மாவுக்குப் படிக்க வராது, பஸ் நம்பரை மட்டும் அடையாளம் பிடிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் வாங்குவதில் நான் போட்டிருந்த கணக்கையெல்லாம் கலைத்துப் போட்டது இதுதான்.

முதல் வருடம் வாங்கியதில் பாதி தண்டம். ஆன்லைனில் பத்துப் புத்தகம் ஒரே கட்டாக, விலையும் சல்லிசு. அட்டை பளபளவென்று இருந்தது. பாப்பா அப்போதுதான் விரல் விட்டு எண்ணப் பழகியிருந்தாள். ஒரு பக்கத்தில் யானைக்குக் காலை எண்ணிவிட்டு, "அம்மா, அஞ்சு காலு" என்றாள். தும்பிக்கையையும் சேர்த்து எண்ணுகிறாள் என்று நினைத்துத் திருத்தப் போனேன். நிஜமாகவே ஐந்து கால். கம்ப்யூட்டரே வரைந்து தள்ளியது போல. அதே கட்டில் ஒரு கதையின் பையனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் முகம் வேறு. "இது யாரு, அது யாரு" என்று கேட்டே அவள் கதையை விட்டுவிட்டாள். பெரியவர்கள் எழுத்தை வைத்துச் சமாளித்துக்கொள்வோம். அந்த வயசுக்குப் படம்தான் கதை, அதில் ஆள் மாறினால் கதையே மாறிப்போகும்.

பட்டனை அமுக்கினால் மாடு கத்தும் புத்தகம் ஒன்று. மூன்று நாள் வீடே தொண்டுப்பட்டியாக இருந்தது. பேட்டரி தீர்ந்ததும் எடுத்து வைத்ததுதான், யாரும் தேடவில்லை. தூக்கினால் எழுந்து நிற்கும் அட்டைக் கோட்டை ஒரு மாலை தாங்கியது. நீதிக் கதைகள் ஐம்பது, ஒரே குண்டுப் புத்தகம்: பக்கம் முழுக்க எழுத்து, மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். பள்ளிக்கூடத்தில் "படப் புத்தகம்" என்று கொடுத்த பட்டியலை நம்பி வாங்கியது எல்லாமே புள்ளிக் கோட்டில் எழுதிப் பழகும் நோட்டு. அதைப் போய்க் கேட்டதற்கு, "எழுதப் பழகட்டும் மேடம், கதையெல்லாம் அப்புறம்" என்றார்கள். நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஆகஸ்டு வந்தால் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவையின் புத்தகத் திருவிழா, இல்லையென்றால் ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடப்பது. சாயங்காலம் போனால் கூட்டத்தில் புரட்டவே முடியாது, காலையிலேயே போய்விட வேண்டும்.

ஸ்டாலில் நின்று நடுப் பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படிப்பேன். யார் பார்த்தாலும் சரி. "அவள் மட்டற்ற மகிழ்ச்சியுடன் துள்ளிக் குதித்தவாறே இல்லம் நோக்கி விரைந்தாள்" என்கிற மாதிரி வந்தால் அப்படியே வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் யாரும் இல்லம் நோக்கி விரைவதில்லை, ஊட்டுக்கு ஓடுவோம். இதில் இலக்கணம் பார்க்கவில்லை. பிடித்துப்போன புத்தகத்தை ஒரே வாரத்தில் முப்பது தடவை நான்தான் படிக்க வேண்டும். நாக்கு சிக்கும் வரியை முப்பது தடவை சொல்ல என்னால் ஆகாது. வேறு மொழியில் பாட்டாக இருந்ததைச் சந்தமில்லாமல் தமிழாக்கி வைத்திருப்பார்கள், அதிலும் இதே கதைதான். சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, அந்த வரி வரும் இடத்தில் பிள்ளையே சேர்ந்து கத்துகிற மாதிரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 24 இல்லை 32 பக்கம்தான். அதற்குள் அடுத்து என்ன என்று பக்கத்தைத் திருப்ப வைக்கிறதா என்று பார்த்தால் போதும். எழுத்தில் ஓணான் என்று இருந்தாலும் நான் ஒடக்கான் என்றுதான் படிப்பேன். பாப்பாவுக்கு இரண்டும் தெரியும்.

எழுத்தே இல்லாத புத்தகத்தை நான் மதித்ததில்லை. படிக்க ஒன்றுமில்லாததற்கு எதற்குக் காசு என்று இருந்தேன். ஒன்று மட்டும் எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு சந்தை, ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, கடைசியில் அகப்படுகிறது. அவ்வளவுதான்.

ஒரு நாள் ராத்திரி நான் அதைப் புரட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பாப்பா நிறுத்தினாள். "துண்டு எங்கம்மா?"

"என்ன துண்டு?"

படத்தில் மூலையில் இரண்டு பேர் நிற்கிறார்கள், கை இருக்கும் இடத்தில் ஒரு மாடு மறைத்திருக்கிறது. துண்டும் இல்லை, துணியும் இல்லை. "அமுச்சி சொன்னாங்க, துண்டுக்குள்ள கைய உட்டு வெலை பேசறாங்க."

விசாரித்தால், பகலெல்லாம் இந்தப் புத்தகம்தான் ஓடியிருக்கிறது. அம்மாவுக்கு அது புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தை. அப்பச்சி மாடு பிடிக்கப் போனது, தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை சொன்னது, வரும்போது பொட்டலத்தில் பொரி கடலை வாங்கி வந்தது எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு நானும் துண்டு எடுத்துவர வேண்டியதாயிற்று. துண்டுக்கடியில் பாப்பா என் விரல் இரண்டைப் பிடித்து அழுத்தினாள். எவ்வளவு என்று கேட்டால் சொல்லமாட்டாள், வெளியில் சொல்லக் கூடாதாம்.

மூன்று மாதம் கழித்து இன்னொன்று காட்டினாள். நாலாவது பக்கத்தில் ஒரு காக்கா வாயில் அறுந்த கயிற்றுத் துண்டு. கடைசிப் பக்கத்தில் அதே கயிறு அதன் கூட்டில். எத்தனை தடவை புரட்டியும் என் கண்ணில் படவில்லை. ஓவியர் அங்கே தனியாக ஒரு கதையை ஒளித்து வைத்திருக்கிறார், எழுத்து தெரியாதவர்கள் மட்டும் கண்டுபிடிக்கிற மாதிரி. இப்போது கடையில் படத்தின் மூலைகளைத்தான் முதலில் பார்க்கிறேன். நடுவில் இருக்கும் ஆளைத் தவிர மற்ற இடமெல்லாம் வெறும் கலராக இருந்தால், அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் பத்து நாள் தாண்டாது.

நம்ம ஊர்ப் படம்தான் வேண்டும் என்பதில்லை. பனி பெய்யும் புத்தகம் ஒன்றை அக்கா கொடுத்தார். இது எங்கே இவளுக்கு விளங்கப்போகிறது என்று ஓரமாக வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஊட்டீல வெடியால உறைபனி உளுகுமில்ல, அதாங் கண்ணு, கொஞ்சம் சாஸ்தியா உளுந்திருக்குது" என்று முடித்துவிட்டார். ஆனால் நம்ம ஊர் என்று சொல்லி வரைந்த ஒரு புத்தகத்தில் மாட்டுக்குக் கயிறும் இல்லை, பக்கத்தில் கட்டுத்தரையும் இல்லை. "யாருட்டு மாடு இது, இப்படி அவுத்து உட்டிருக்காங்க?" என்று அம்மா கேட்டதோடு அது மூடப்பட்டது.

தமிழும் இங்கிலீசும் ஒரே பக்கத்தில் வருவது எங்களுக்குப் பயன்பட்டது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் பேர்போனது. ராத்திரி நான் தமிழ், வீட்டுக்காரர் இங்கிலீசு. ஆனால் ஒரே மூச்சில் இரண்டையும் படிக்கக் கூடாது, கதை ஓட்டம் போய்விடுகிறது.

காசு செலவழிக்க முடியாத மாதங்களில் ஸ்டோரிவீவர் இணையதளம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது, தமிழிலும் கதைகள் கிடைக்கும், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் நிலைக் கதைகள்தான் இந்த வயசுக்கு. ஃபோனில் காட்டாமல் பிரிண்ட் எடுக்கலாம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கலர் பிரிண்டுக்குக் கேட்ட காசைப் பார்த்து, கறுப்பு வெள்ளையே போதும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், அது சிவப்புப் பந்தைத் தேடும் கதை. எல்லாப் பந்தும் சாம்பல் நிறம். பாப்பாவே சிவப்பு கிரேயானை எடுத்து, எது என்று அவளே முடிவு செய்து தீட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவசியப்பட்டால் கலரிலேயே எடுக்கிறேன். இருந்தாலும் அந்தப் பந்துப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

தாங்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெட்டி அட்டைப் புத்தகம் எல்கேஜிக்கு முன்னாடியே சரி. கடித்து ஊறினால் அட்டை ஏடு ஏடாகப் பிரிகிறது. பின் அடித்தவற்றில் நடுப் பக்கம்தான் முதலில் கழன்று வரும், வாங்கிய அன்றே முதுகில் டேப் ஒட்டிவிடுங்கள். பளபள தாள் டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், மடியில் வைத்துப் படித்தால் பாதிப் படம் தெரியாது. விலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டாலில் சில்லறைக் காசுக்கு எடுத்தது இரண்டு வருடம் ஓடியது, முந்நூறு ரூபாய்க்கு எடுத்தது ஒரே வாரத்தில் மேலே ஏறிவிட்டது. என் கணக்கு ஒன்றுதான். மூடியதும் "இன்னொருக்கா" என்று கேட்டால் அந்தப் புத்தகம் தேறிவிட்டது. இரண்டாவது நாளும் கேட்டால், அடுத்த முறை அந்த ஓவியர் பெயரைத் தேடுவேன்.

இப்போது பாப்பா எழுத்துக் கூட்டுகிறாள். அலுப்பில் ஒரு வரியைத் தாண்டினால் விரல் வைத்துக் காட்டுகிறாள். ஒரு வருத்தமும் உண்டு, மூலைகளைப் பார்ப்பது குறைந்துவிட்டது. அக்கா மகன் படிக்கும் அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வைத்திருக்கிறார்கள். அவன் கொண்டுவந்த 'நுழை' ஒன்றை இவள் தானே படித்து முடித்துவிட்டாள்.

அதனால்தான் அலமாரியை ஒழித்தேன். தம்பி குழந்தைக்கு ஒரு வயது ஆகிறது, இவளுக்கு வேண்டாதவற்றைக் கட்டிக் கொடுக்கலாம் என்று. சந்தைப் புத்தகத்தையும் கட்டில் வைத்தேன், பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. கயிறு போடும்போது அம்மா வந்து அதை மட்டும் உருவிக்கொண்டு போனார்.

"இது இங்கயே கெடக்கட்டும். அவனுக்கு வேற வாங்கிக் குடு."