இரண்டு வயரா, நாலு வயரா? மோட்டார் தடை பார்க்கும் கதை

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் விசிறி மோட்டார். மல்டிமீட்டரை வைத்து மூன்று சோடி டெர்மினலையும் பார்த்தேன்: 1.5, 1.5, 1.9 ஓம். மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டியவை. வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) போய்விட்டது என்று கழற்றி, லொறியில் ஏற்றி வைண்டிங் கடைக்கு அனுப்பியாயிற்று. அங்கே பார்த்தால் மூன்றும் ஒரே அளவுதான். கூடிய 0.4 ஓம், பாசி பிடித்த டெர்மினலில் நான் லேசாக வைத்த மீட்டர் முனையுடையது.

மீட்டர் வயர் இரண்டின் முனைகளையும் சேர்த்துப் பிடித்து, வரும் 0.3 ஓமைக் கழித்தால் போதும் என்பார்கள். வயரின் தடையைக் கழிக்கலாம். முனை தொடும் இடத்தின் தடை ஒவ்வோர் அழுத்தலுக்கும் மாறுகிறதே, அதை எப்படிக் கழிப்பது? நூறு ஓம் ஹீட்டருக்கு இது ஒரு பொருட்டில்லை. ஒரு ஓம் வைண்டிங்குக்கு வாசிப்பே அதுதான்.

இதற்குத்தான் நாலு வயர் முறை: இரண்டு வயர் ஓட்டத்தைக் கொடுக்கும், வேறு இரண்டு வோல்ட்டை அளக்கும். அதற்கு விலையான கருவி வேண்டாம். 12 வோல்ட் பெட்டரி, 55 வாட் ஹெட்லைட் பல்ப், அம்பியர் மீட்டர், வைண்டிங் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோர்க்க வேண்டும். வோல்ட் மீட்டரை மட்டும் ஓட்டம் கொண்டுவரும் கிளிப்பில் மாட்டாமல், அதற்கு உள்ளே, வைண்டிங் டெர்மினலிலேயே தொட வேண்டும். அதில் ஓட்டம் கிட்டத்தட்ட இல்லாததால் அதன் வயர்த் தடை கணக்கில் வராது. அன்றைய மோட்டாரில் 4.39 வோல்ட், 3.66 அம்பியர், வகுத்தால் 1.20 ஓம். மலிவான மீட்டரின் அம்பியர் வாசிப்பு ஒன்றிரண்டு சதவீதம் பிழைக்கும்தான். ஆனால் மூன்று சோடிக்கும் அதே மீட்டர் என்பதால் பிழை ஒரே பக்கம் சாயும், ஒப்பீடு கெடாது. ஒன்று மட்டும் கவனம்: பெட்டரியைக் கழற்றுமுன் வோல்ட் மீட்டரை எடுத்துவிடுங்கள். ஓட்டம் அறும் கணத்தில் வைண்டிங் உயர்ந்த வோல்ட்டில் திருப்பி உதைக்கும்.

குளிரையும் மறக்கக் கூடாது. செம்பின் தடை ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் மாறும். நுவரெலியாவில் காலை 15 பாகையில் 1.20 காட்டியது, 25 பாகையில் 1.25 ஆகும். ஓடி நின்ற சூட்டோடு அளந்தால் எதையும் ஒப்பிட முடியாது.

வலு அளப்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கிளாம்ப் மீட்டரில் 10 அம்பியர், 400 வோல்ட், அதை 1.73 ஆல் பெருக்கினால் 6.9 கிலோவாட் என்று சொல்பவர்கள் வலுக்காரணியை, அதாவது அந்தப் பெருக்குத்தொகையில் உண்மை வலுவாகும் பங்கை, விட்டுவிடுகிறார்கள். அது 0.8 என்றால் உண்மை 5.5தான். வாட்மீட்டர்தான் சரி, மூன்று வயர் இணைப்புக்கு இரண்டு போதும், இரண்டின் வாசிப்பையும் கூட்ட வேண்டும். ஆனால் வலுக்காரணி 0.5க்குக் கீழே போனால் ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பும், அதைக் கழிக்க வேண்டும். கொழுந்தில்லாமல் சும்மா சுற்றும் ரோலர் மோட்டாரில் ஒன்று 1500, மற்றது கழித்தல் 500. ஆகவே 1000 வாட். வயரை மாறிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக் கூட்டி, 2000 என்று எழுதிய லொக் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கையெழுத்தும் என்னுடையதுதான்.