ஈடேலில் ஆறு கோடை: டென்ட்டை விட்டு வெளியே போனதில் தேறியவை

மான்செஸ்டரில் ஷெஃபீல்டு போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் ஈடேல், இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊர். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் நாங்கள் வழக்கமாக டென்ட் போடும் வயல் வந்துவிடும். 2019-ல் தொடங்கியது, 2020 தவிர ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து நாள் அங்கேதான். டென்ட் இடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடைக்கரை, புல்தரை, செல்போன் சிக்னல் அநேகமாகக் கிடையாது, சாயங்காலம் காற்று நின்றால் கண்ணுக்குத் தெரியாத கொசுக்கள் பிடுங்கும். ஒரு ஆகஸ்ட் நீண்ட வாரயிறுதியில் மூன்று நாளும் ஷவரில் பச்சைத் தண்ணீர்தான். கேட்டால் ‘ஆள் வருகிறார்’ என்றார்கள். வரவில்லை. இருந்தும் திரும்பத் திரும்பப் போகக் காரணம் சுற்றுவட்டாரம்.

முதல் வருடம் அலுவலக அறையில் அடுக்கியிருந்த துண்டுப் பிரசுரங்களில் பதினொன்றை அள்ளிக்கொண்டு வந்து, காலையில் குகை, மதியம் கோட்டை, மாலையில் மாளிகை என்று திட்டம் போட்டேன். இரண்டாம் நாளே பக்கத்து ஊரான காசில்டனுக்குப் போகும் வழியில், செங்குத்தான வின்னட்ஸ் கணவாயில் கார் இறங்கும்போது பின்சீட்டில் சின்னவன் வாந்தி. அன்றைக்கு மாளிகை ரத்து. மறுநாள் அதே காசில்டனுக்கு நடந்தே போனோம். ஆறு வருடத்தில் பிள்ளைகள் அதிகம் பேசுவது அந்த நடையைப் பற்றித்தான்.

வழி இதுதான். ஈடேலிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்கிற முகட்டுக்கு ஏற வேண்டும். ஈடேலுக்கென்று சொந்தத் தேவாலயம் இல்லாத காலத்தில், செத்தவர்களை இந்த மேட்டைத் தாண்டித்தான் காசில்டனுக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம். தண்ணீர் பாட்டிலும் புளியோதரை டப்பாவும் மட்டும் தூக்கிக்கொண்டு ஏறியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. முகட்டில் மேற்கே திரும்பினால், கல் பாவிய பாதை 517 மீட்டர் உயர மாம் டோர் உச்சிக்குக் கொண்டுபோய் விடும். உச்சியைச் சுற்றி வரலாற்றுக்கு முந்தைய கோட்டை ஒன்றின் மண் அரண் இன்னும் தெரிகிறது.

எனக்குப் பிடித்தது உச்சி இல்லை, கீழே கிடக்கிற பழைய சாலை. மாம் டோருக்கு ‘நடுங்கும் மலை’ என்றொரு பெயர் உண்டு. உறுதியில்லாத களிமண் பாறை அடுக்குகள் மழையில் ஊறிச் சரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சரிவின் குறுக்கே போட்ட நெடுஞ்சாலையை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு, 1979-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இப்போது அதன் மேல் நடக்கலாம். தார் ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு உடைந்து தொங்குகிறது. உடைந்த ஓரத்தில் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட தார் அடுக்குகள், லேயர் பரோட்டாவைப் பிய்த்த மாதிரி. நடுவில் போட்ட வெள்ளைக் கோடு வந்து, பிளவில் மறைந்து, ஒரு மீட்டர் கீழே மறுபடி தொடர்கிறது. பிள்ளைகள் அடுக்குகளை எண்ண ஆரம்பித்தால் அரை மணி நேரம் நமக்கு ஓய்வு. டிக்கெட்டும் இல்லை.

காசில்டனில் பொதுமக்கள் பார்க்கும் குகைகள் நான்கு. ஒரு பயணத்துக்கு ஒன்று போதும். நால்வருக்கு டிக்கெட் எடுத்தால் கையைக் கடிக்கும், இரண்டாவது குகையில் பிள்ளைகளுக்கு அலுத்தும் போகும். ஸ்பீட்வெல் குகையில் நூற்றுக்கு மேல் படி இறங்கி, தண்ணீர் நிரம்பிய பழைய ஈயச் சுரங்கப் பாதையில் படகில் போக வேண்டும். கூரை தலைக்கு மேலேயே உரசும். அடைத்த இடம் என்றால் பயப்படுகிறவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் யோசித்துப் போகவும். என் மனைவி பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். பீக் குகையின் வாய் அவ்வளவு பெரிது. அதற்குள்ளேயே குடிசை போட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கயிறு திரித்திருக்கிறார்கள். அதன் பழைய பெயரைத் தமிழில் சொன்னால் ‘பிசாசின் பின்புறம்’. பெயரைச் சொன்னதுமே பிள்ளைகள் தயார். ப்ளூ ஜான் என்ற ஊதாக் கோடு ஓடிய கல்லும் காசில்டன் பக்கத்து மலையில்தான் எடுக்கிறார்கள். கடையில் மோதிரத்தின் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

ஊருக்கு மேலே பெவரில் கோட்டை. ஏற்றம் செங்குத்து, மேலே மொட்டைக் கோபுரம் ஒன்று, நல்ல காட்சி. ஒரு தடவை பார்த்தால் போதும்.

காரை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஈம் ஊருக்காக எடுக்கலாம். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘எயாம்’ என்றுதான் வரும், ஊர்க்காரர்கள் சொல்வது ஈம். 1665-ல் லண்டனிலிருந்து இந்த ஊர்த் தையற்காரருக்கு ஒரு துணி மூட்டை வந்தது, கூடவே தெள்ளுப்பூச்சியும் கொள்ளைநோயும். முதலில் போனவர் அந்தத் துணியைப் பிரித்த உதவியாள். மறு கோடையில் வில்லியம் மாம்பெசன் என்ற பாதிரியாரின் பேச்சைக் கேட்டு ஊரே எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் உணவை எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கான காசை ஈம்காரர்கள், பாறைக் குழிகளில் ஊற்றிய வினிகரில் போட்டு வைப்பார்கள்.

அப்படிக் குழிகள் உள்ள கல் ஒன்று ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்பாதையில் இன்னும் கிடக்கிறது. 2021-ல் முகக்கவசம் இன்னும் பையில் இருந்த நேரத்தில் முதன்முதலாகப் பார்த்தோம். பெரியவள் குழிக்குள் விரலை விட்டாள். விளிம்பு வழுவழுவென்று இருந்தது. உள்ளே மழைத்தண்ணீரும் யாரோ போட்ட இரண்டு பென்ஸ் காசும். ஊருக்கு வெளியே ரைலி கல்லறைகள் என்று வட்டமான ஒரு சுற்றுச்சுவர் இருக்கிறது. எலிசபெத் ஹான்காக் என்பவர் 1666 ஆகஸ்ட்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இந்த இடத்தில் தன் கையாலேயே புதைத்தார். அங்கிருந்து காருக்குத் திரும்பும்வரை யாரும் பேசவில்லை. ஆகஸ்ட் கடைசியில் போனால் கிணற்று அலங்காரமும் பார்க்கலாம். மரச்சட்டத்தில் ஈரக் களிமண் அப்பி, பூவிதழ்களைப் பதித்துப் படம் செய்கிறார்கள். பூக்கோலத்தைத் தூக்கி நிறுத்தியது போல இருக்கும்.

மழை நாளுக்கு எங்கள் தீர்வு ஹாதர்சேஜ். ஈடேலிலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம். 1936-லிருந்து இருக்கும் திறந்தவெளி நீச்சல்குளம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். தலையில் மழை, கழுத்துக்குக் கீழே சுடுநீர். முன்பதிவு செய்யாமல் போய் ஒரு தடவை திரும்பியிருக்கிறோம், அது எங்கள் தப்பு.

லேடிபவர் நீர்த்தேக்கத்துக்கு எல்லாரும் போகச் சொல்வார்கள். இணையத்தில் சுற்றும் படம் அதன் இரண்டு ராட்சத வடிகால்கள், ஒவ்வொன்றும் 24 மீட்டர் அகலம். அவற்றில் தண்ணீர் வழிவது பெரும்பாலும் மழை அதிகமான குளிர்காலத்தில்தான். நாங்கள் பார்த்தது காய்ந்த கல் கிண்ணம். ஆனால் அதற்கு மேலே உள்ள டெர்வென்ட் அணை வரை சைக்கிளில் போவது அருமை. 1943-ல் ஜெர்மன் அணைகளைத் தகர்க்கும் முன் பிரிட்டிஷ் விமானிகள் தாழப் பறந்து பழகியது இங்கேதான். லேடிபவர் தண்ணீருக்கடியில் மூழ்கிப்போன இரண்டு கிராமங்கள் இருக்கின்றன.

சாட்ஸ்வர்த் மாளிகை பிரமாண்டம்தான், எங்களுக்கு அதன் பூங்காவில் மான் பார்த்ததே போதும். பேக்வெல் புட்டிங் பார்க்கச் சுமார், சூடாகச் சாப்பிட்டால் தேவலாம்.

கடைசியாகக் கிண்டர் ஸ்கௌட். ஈடேலின் தலைக்கு மேலேயே நிற்கும் 636 மீட்டர் மேட்டுநிலம். தனியார் வேட்டை நிலம் என்று அடைத்து வைத்திருந்த இந்த மலையில் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளி இளைஞர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது இந்த வட்டாரம்தான். மேற்குக் காற்று பலமாக அடித்தால் அங்கே ஒரு அருவி கீழே விழாமல் மேலே தெறிக்கும் என்கிறார்கள். அதைப் பார்க்க இரண்டு வருடம் ஏறி, ஜேக்கப்ஸ் லேடர் படிகளைத் தாண்டியதும் மூடுபனியில் வழி தெரியாமல் திரும்பினோம். மூன்றாம் தடவை வானம் பளிச்சென்று இருந்தது, உச்சி வரை போய்விட்டோம். மூன்று வாரமாக மழை இல்லாததால் அருவியில் தண்ணீர் இல்லை. சின்னவன் பாறை விளிம்பிலிருந்து தள்ளி நின்று, தன் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் காற்றில் ஊற்றிப் பார்த்தான். பாதி அவன் சட்டைக்கே திரும்பி வந்தது.