ஆயில் குடிக்கும் இன்ஜின்: பத்து நிமிட ஃப்ளஷா, ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையா?

கோவையில் நான் ஓட்டுவது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டர் 1,10,000 தாண்டியதும் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. ஆயில் கம்பியில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க 2,500 கிலோமீட்டர் போதும் என்ற நிலை. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு லிட்டர். தரையிலோ ஒரு சொட்டுக் கசிவு இல்லை. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் வழிக்கு, அனுப்பும் பிசிவி வால்வை மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. கம்ப்ரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், நான்கு சிலிண்டரிலும் சரியாகவே இருந்தது. உக்கடம் பக்கம் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி விரலால் தடவினார். "ஆயில் ரிங்கு ஒட்டிருச்சுங்க தம்பி, கார்பன். இன்ஜினை இறக்குனா நாப்பதாயிரம் தாண்டிரும். அதுக்கு முன்னாடி ஊத்திப் பாக்கலாமுங்க."

எதை ஊற்றுவது, எங்கே ஊற்றுவது என்பதில்தான் குழப்பம்.

பிஸ்டனில் கடைசியாக இருப்பது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் அப்பிய ஆயிலை வழித்து, தன் பின்னால் உள்ள சின்னச் சின்ன துளைகள் வழியே சம்ப்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிக்கு, திருப்பி அனுப்புவது அதன் வேலை. என் வண்டி தினமும் நான்கு கிலோமீட்டர் போய் நின்றுவிடும்; இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லை. அப்படி ஓடியே அந்தத் துளைகள் அடைந்து, ரிங் தன் பள்ளத்தில் இறுகிவிட்டது. வழிக்காமல் விட்ட ஆயில் எரிகிறது, எரிந்தது மறுபடி கார்பனாகிறது.

பெட்ரோல் டாங்கில் ஊற்றும் கிளீனர், குறிப்பாக பாலிஈதர் அமீன் என்ற அழுக்குநீக்கி உள்ளது, இன்ஜெக்டருக்கும் பிஸ்டன் தலைக்கும் நல்லது. ஆயில் ரிங் வரை அதற்குப் போக வழியில்லை. தண்ணீரைப் பிரித்து வரும் வாயுவை முக்கால் மணி நேரம் இன்டேக்கில் விடும் 'டீகார்பனைசிங்' மெஷினும் மேல் பக்கத்து வேலைதான். அதனால் எனக்கு மிஞ்சியவை இரண்டு, இரண்டுமே ஆயிலோடு சேர்பவை.

முதலாவது ஃப்ளஷ். லிக்வி மோலி போன்றவர்கள் விற்கும் 300 மில்லி டப்பாவைச் சூடான பழைய ஆயிலில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஊற்றிவிட்டு வண்டியை ஓட்டக்கூடாது, ஆயில் நீர்த்துப்போயிருக்கும். அந்தக் காலத்தில் டீசலை ஊற்றி ஓடவிட்டார்களே, அதன் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே மதியத்தில் வேலை முடியும்.

இரண்டாவது, புது ஆயிலோடு சேர்த்து ஊற்றிவிட்டு சாதாரணமாக ஓட்டும் வகை. எஸ்டர் அடிப்படையில் வரும் இவை மெதுவாக ஊறவைத்துக் கரைப்பவை. நான் இதைத்தான் எடுத்தேன். விலையோ வேகமோ காரணம் இல்லை. கரைந்த அழுக்கு எங்கே போகும் என்று யோசித்ததுதான் காரணம்.

சம்ப்பின் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு வலை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர். நாம் மாற்றும் ஃபில்டர் பம்புக்கு அப்புறம்தான் வருகிறது. ஆகவே பெயர்ந்து விழும் கட்டி முதலில் போய் உட்காரும் இடம் இந்த வலை. இதைச் சம்ப்பைக் கழற்றாமல் தொடமுடியாது. அடைந்துவிட்டால் புது ஆயில் நிரம்ப இருந்தும் மேலே ஏறாது.

என் சித்தப்பா காரில் இதைப் பார்த்தேன். ஆயில் மாற்றுவதை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர், ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள் என்று ஃப்ளஷ் போட்டார். மூன்றாம் நாள் சிக்னலில் நின்றபோது சிவப்பு ஆயில் விளக்கு மினுங்கியது. நல்லவேளை, அங்கேயே அணைத்துவிட்டார். சம்ப்பை இறக்கியபோது வலை முழுக்க, புளி கரைத்து வடிகட்டியில் தங்கும் சக்கை மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. குற்றம் முழுக்க ஃப்ளஷ் மேல் இல்லை. அத்தனை வருட அழுக்கைப் பத்து நிமிடத்தில் அசைத்ததுதான் வினை. சுத்தமாகப் பராமரித்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் கெடுதல் செய்யாது. அங்கே அதற்கு வேலையும் அவ்வளவாக இல்லை.

மெதுவான வகையில் அழுக்கு பொடிப்பொடியாக வருகிறது, ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் ஃபில்டரை அடிக்கடி மாற்றியே தீரவேண்டும். அந்த மெனக்கெடல் இல்லாதவர்களுக்கு இந்த வழி வேண்டாம். முதல் சுற்றில் 500 கிலோமீட்டரில் ஃபில்டர் மட்டும், 1,000-இல் ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்றினேன். இரண்டாவது சுற்றையும் அதே மருந்தோடு 1,500 ஓட்டினேன். மூன்றாவது வெறும் ஆயில், 5,000. ஆக மூன்று ஆயில், நான்கு ஃபில்டர், கூலியோடு ஆறாயிரம் சொச்சம். ஊற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 300 மில்லி மருந்து சேர்த்தால் ஆயிலில் 300 மில்லி குறைக்க வேண்டும். அளவு மீறினால் கீழே சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும்.

முதல் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து மொட்டை மாடியில் செய்தித்தாள் மேல் காயவைத்தேன். மடிப்புகளுக்குள் காபித்தூள் போலக் கறுப்புத் துகள்கள். காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. விரலிடுக்கில் நசுக்கினால் மையாகப் பூசியது, மினுமினுப்பு இல்லை. கார்பன்தான். இரண்டாவது ஃபில்டரில் பாதிகூட இல்லை. மூன்றாவதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. (ஃபில்டர் வெட்டியதைப் பார்த்த வீட்டம்மாவின் கருத்தை இங்கே எழுதவில்லை.)

பலன்? மூன்றாவது ஆயிலில் 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்தான் குறைந்தது. நாலில் ஒரு பங்கு. ஆனால் இது மருந்தின் வேலையா, இல்லை குறுகிய இடைவெளியில் மூன்று முறை நல்ல ஆயில் மாற்றியதன் வேலையா என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியாது. எந்த நல்ல ஆயிலிலும் அழுக்கு நீக்கும் டிடர்ஜென்ட் ஏற்கெனவே இருக்கிறது. போதாக்குறைக்கு அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை பொள்ளாச்சி வரை ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கியும் வந்தேன்.

பிளக் துளை வழியே கரைப்பானை ஊற்றி இரவு முழுக்க பிஸ்டனை ஊறவைக்கும் முறையும் உண்டு. ரிங்கை மேலிருந்து நேராக எட்டுவது அதுதான். நான் செய்ததில்லை, ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. மறுநாள் பிளக் மாட்டாமல் சுற்றவிட்டு மிச்சத்தை வெளியே தள்ளிய பிறகே ஸ்டார்ட் செய்தார்கள். ஆயிலையும் உடனே மாற்றினார்கள். டீசல் வண்டி நான் வைத்திருந்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

எதை ஊற்றுவதற்கு முன்பும் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறப் படலம் என்றால் மெதுவான வழிக்குப் போகலாம். கறுப்பாக ஜெல்லி போல இருந்தால் முதலில் சம்ப்பை இறக்கி வலையைக் கழுவச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது வால்வ் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்; எந்த டப்பாவும் அதற்கு உதவாது.

என் வண்டியில் இப்போது ஓடுவது நான்காவது ஆயில். 2,100 கிலோமீட்டர் ஆகிறது. இன்று காலை கம்பியைத் துடைத்து விட்டுப் பார்த்தேன். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.