நூலக ப்ராக்ஸி வழியாக ரீடிங் லிஸ்ட்: நான்கு செமஸ்டர் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆசிரியர் தரும் ரீடிங் லிஸ்ட்டில் கட்டுரை லிங்க்கைத் தொட்டதும் "விலைக்கு வாங்குங்கள்" என்று திரை வந்தால், நூலகத்தில் சந்தா இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் போன வழிதான் தவறு.

வளாக வைஃபையில் இருக்கும்போது ஐபி முகவரியை வைத்தே பதிப்பாளரின் தளம் கதவைத் திறந்துவிடும். வீட்டிலிருந்தோ மொபைல் டேட்டாவிலோ போனால் உங்களை நூலக உறுப்பினர் என்று பதிப்பாளரிடம் காட்டும் இடைநிலை மென்பொருளான நூலகத்தின் ஈசிப்ராக்ஸி நடுவில் நிற்க வேண்டும். நிற்கிறதா என்பதை முகவரிப் பட்டையே காட்டிக்கொடுக்கும்: ஜேஸ்டோர் (ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையத் தொகுப்பு) முகவரியில் புள்ளிகள் சிறுகோடுகளாக மாறி, பின்னால் உங்கள் நூலகத்தின் முகவரி ஒட்டியிருக்கும். இல்லையென்றால் நீங்கள் வெளியாள்.

ஆசிரியர் தன் அறையில் திறந்த பக்கத்தின் முகவரியை அப்படியே மூடுலில் (கல்லூரியின் இணையப் பாடத்தளம்) போட்டுவிடுவார். அவருக்கு அது எப்போதும் திறக்கும், அதனால் பிழை அவர் கண்ணில் படுவதே இல்லை. தீர்வு எளிது. ஜேஸ்டோரில் கட்டுரைப் பக்கத்திலுள்ள நிலையான முகவரியையும், எப்ஸ்கோ என்ற கட்டுரைத் தேடுதளத்தில் 'பெர்மாலிங்க்' பொத்தான் தரும் முகவரியையும் எடுத்து, முன்னால் நூலகத்தின் ப்ராக்ஸி முன்னொட்டை (ப்ராக்ஸி வழியாகப் போகச் செய்யும் முகவரித் துண்டு) சேர்க்க வேண்டும். எப்ஸ்கோ தேடலில் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தது அந்த அமர்வோடு செத்துப்போகலாம்.

லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வந்தால் குக்கி தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈசிப்ராக்ஸியின் இயல்பு அமைப்பில் 120 நிமிடம் சும்மா இருந்தால் அமர்வு காலாவதியாகும். சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்த பக்கத்தைத் தொட்டால் திறக்காது. பிடிஎஃப்பை முதலிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். "இந்த ஹோஸ்ட்டை நிர்வாகி அனுமதிக்க வேண்டும்" என்ற செய்தி வந்தால் உங்கள் கடவுச்சொல்லில் குறையில்லை. அந்தத் தளம் ப்ராக்ஸியின் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். முழு முகவரியையும் நூலகத்துக்கு அனுப்பினால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் சமாளிக்கக்கூடியது. உண்மையான தலைவலி மின்னூல். புரோகுவெஸ்ட் ஈபுக் சென்ட்ரல் என்ற மின்னூல் தளத்தில் ஒரு நூலை ஒரே நேரத்தில் ஒருவர், மூவர், வரம்பின்றி எத்தனை பேரும் படிக்கலாம் என்று வெவ்வேறு உரிமங்களில் நூலகம் வாங்குகிறது. அறுபது பேர் வகுப்புக்கு ஒருவர் உரிமம் என்றால் தேர்வு வாரத்தில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். படித்து முடித்தவர் டேப்பைத் திறந்தே விட்டுவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். முழு நூலைக் கடன் வாங்குவதைவிடத் தேவையான அத்தியாயத்தை மட்டும் பிடிஎஃப்பாக எடுப்பதே மேல்: அது காலாவதியாவதில்லை. ஆனால் அச்சுக்கான பக்க வரம்பில் அதுவும் கழியும், எனவே முன்னுரையில் வீணாக்காதீர்கள்.

முழு நூலை இறக்கினால் வருவது பெரும்பாலும் சில கிலோபைட் ஏசிஎஸ்எம் கோப்பு. அது நூல் அல்ல, சீட்டு. பிடிஎஃப் செயலியில் திறந்துவிட்டு "கோப்பு கெட்டுவிட்டது" என்று புலம்புபவர்கள் ஏராளம். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸில் திறந்தால்தான் நூல் இறங்கும். கடன் நாள் முடிந்ததும் பூட்டிக்கொள்ளும்.

இந்தியக் கல்லூரிகளில் ப்ராக்ஸிக்குப் பதில் இன்ஃப்ளிப்நெட்டின் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையம்) இன்ஃபெட் என்ற பொது லாகின் பரவலாக இருக்கிறது. பதிப்பாளர் தளத்திலேயே நிறுவனப் பெயரைத் தேர்ந்தெடுத்து நுழைய வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற அரசுத் திட்டம் ஆய்விதழ்களுக்கானது. பாடநூல் மின்னூலுக்கான காத்திருப்பு அங்கேயும் குறையவில்லை.

"வேறொருவர் படிக்கிறார்" என்று திருப்பி அனுப்பப்பட்டால் சும்மா மூடிவிடாமல் நூலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பதிப்பாளர் தரும் கவுன்ட்டர் (மின்வளப் பயன்பாட்டை எண்ணும் பொதுத் தரமுறை) அறிக்கையில் அந்த மறுப்பு எண்ணிக்கையாகப் பதிவாகிறது. பாடத்தின் பெயரையும் மாணவர் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதினால், மூவர் உரிமத்துக்கு உயர்த்தக் கேட்க நூலகர் கையில் காரணம் இருக்கும்.