நல்ல தண்ணீர் கேட்ட மெக்கானிக்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடி ஏ.சி.க்கு ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்புகிறார்கள். பங்குனி பிறந்ததும் குளிர் குறையும். அம்மா நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அழைப்பார். இரண்டு இளைஞர்கள் பைக்கில் வருவார்கள், மீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள், "கேஸ் குறைந்துவிட்டது" என்பார்கள், நிரப்புவார்கள், ரசீது கொடுப்பார்கள். இந்த முறை நான் ஊரில் இருக்கும்போதே அது நடந்தது. மூடிய குழாய்க்குள் சுற்றிவரும் கேஸ் தானாக எப்படிக் குறையும், கசிவு எங்கே என்று கேட்டேன். "கடற்கரை வீடு சார், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் என்னைக் கொதிக்க வைத்துவிட்டது. நான் வசிக்கும் சிங்கப்பூரைச் சுற்றியும் கடல்தான். அங்கே ஏ.சி. சேவைக்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். கேஸ் குறைந்தால் கசிவைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போக வாடிக்கையாளர் விடமாட்டார். இங்கே சோப்பு நுரை தடவிப் பார்க்கவில்லை, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் நிற்கிறதா என்று சோதிக்கவில்லை. எக்கச்சக்கமான விலை மட்டும் ரசீதில் இருந்தது. பத்து நாள் தாண்டுவதற்குள் மறுபடியும் அறை வெக்கையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் அந்த அண்ணாச்சி வந்தார். பழைய ஃபிரிட்ஜ் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். மீட்டரை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி நடந்தார், கடல் பக்கம் எது என்று கேட்டார், பிறகு மாடிக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இது போர் தண்ணீர்தானே தம்பி?"

"ஆமாம் அண்ணாச்சி."

"இதுவரை வந்தவர்கள் எல்லோரும் இந்தக் குழாயில்தான் ஹோஸைச் சொருகிக் கழுவினார்களா?"

அம்மா ஆமாம் என்று தலையசைத்தார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் யூனிட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளான அலுமினிய ஃபின்கள் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தன. விரலால் தொட்டார், விபூதி மாதிரி உதிர்ந்தது. "நல்ல தண்ணீர் இரண்டு குடம் கிடைக்குமா அக்கா? இல்லாவிட்டால் நான் இதைத் தொடமாட்டேன்" என்றார்.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் என்றால் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். குழாயில் வரும் நாளில் பிடித்துத் தொட்டியில் சேர்த்துவைப்பது. அதைக் கொண்டுபோய் இரும்புப் பெட்டிக்கு ஊற்றுவதா என்று அம்மாவுக்கு மனம் வரவில்லை. சிறு வயதில் அந்தக் குடங்களைத் தூக்கிய தோள்வலி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனாலும் கொடுத்தோம். அண்ணாச்சி செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரில் அதை ஊற்றி, மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக அடித்தார். வெளியிலிருந்து வேகமாக அடித்தால் அழுக்கு உள்ளே போய் இறுகும், ஃபின்னும் மடங்கும் என்றார். வழிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அடித்தட்டின் வடிகால் ஓட்டைகள் அடைத்திருந்தன. உப்புக் குழம்பு அங்கேயே தேங்கித் தட்டைத் தின்றிருந்தது. அதைக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டார். கழுவி முடித்த பிறகுதான் நைட்ரஜன் அடைத்தார். கேஸ் சுற்றிவரும் குழாய்ச் சுருளான காயிலின் வளைவுப் பகுதியில், தாமிரக் குழாயும் ஃபின்னும் சேரும் இடத்தில், குமிழி வந்தது. இத்தனை கோடைகளாகப் பணம் வாங்கிய யாரும் பார்க்காத இடம் அது.

போர் தண்ணீரில் உப்பு, அதில் கழுவக் கழுவ ஃபின் அரிக்கும் என்று அண்ணாச்சி சொன்னதை ரசாயனமும் ஒப்புக்கொள்கிறது. தாமிரமும் அலுமினியமும் ஒட்டியிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் தேய்ந்துபோவது அலுமினியம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. அதனால் கடலோரத்தில் ஃபின் உண்மையில் காய்வதே அபூர்வம். மழை நன்றாகப் பெய்யும் ஊரில் வானமே கழுவிவிடும். தூத்துக்குடிக்கு மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைதான். மற்ற மாதங்களில் படிந்த உப்பு படிந்தபடியே இருக்கும். இந்த நிலையில், பொருத்த வந்தவர்கள் வெயில் படாமல் இருக்கட்டும் என்று எங்கள் யூனிட்டைச் சன்ஷேடுக்கு அடியில், கொண்டல் காற்று நேராக அடிக்கும் கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உப்பு வரும், மழை வராது. இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அந்தக் காயிலைப் பற்றவைத்து இன்னும் ஒரு கோடை ஓட்டலாம், அதற்குமேல் வேண்டாம் என்றார் அண்ணாச்சி. ஆகவே புதிய ஏ.சி. பார்க்கக் கிளம்பினோம். கடைகளில் எனக்குக் கிடைத்தது எரிச்சல்தான். எத்தனை ஸ்டார், வைஃபை உண்டா, கைப்பேசியிலிருந்து இயக்கலாமா என்பதையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். அவுட்டோர் காயிலில் என்ன பூச்சு என்று கேட்டால் "புளூ ஃபின் சார்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீலமோ தங்கமோ, நிறம் எதையும் உறுதிசெய்யாது. தண்ணீர் வழுக்கி ஓடுவதற்கான மெல்லிய பூச்சும் நீலமாக இருக்கலாம், அரிப்பைத் தடுக்கும் எப்பாக்ஸிப் பூச்சும் நீலமாக இருக்கலாம். உப்புத் தெளிப்புச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஜப்பானில் கடலோர வீடுகளுக்கென்றே தனி வகை அவுட்டோர் யூனிட்கள் விற்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டில், உப்பளத்துக்கு நடுவே இருக்கும் ஊரில், அப்படி ஒரு பெயரைக்கூடக் கடைக்காரர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஸ்டார் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. லேபிளில் இருக்கும் ஆண்டு மின்செலவு 1,600 மணி நேரத்துக்குக் கணக்கிட்டது. இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 இரவுகளில் அது தீர்ந்துவிடும். அப்பாவும் அம்மாவும் மாசியிலிருந்து ஐப்பசி வரை போடுகிறார்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுகிறது. எனவே ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி.தான் (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை) எங்களுக்குச் சரி. ஆனால் அந்த லேபிள் எண் புதுக் காயிலுக்கு உரியது. ஃபின் உதிர்ந்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் திணறும், மின்சாரம் கூடுதலாகப் போகும், குளிரும் வராது. பூச்சில்லாத ஐந்து ஸ்டாரைவிட நல்ல பூச்சுள்ள மூன்று ஸ்டாரைக் கடற்கரை வீட்டுக்கு நான் தயங்காமல் எடுப்பேன். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் கேள்வியே இல்லை.

அளவிலும் கடைக்காரர்கள் பெரியதைத்தான் தள்ளுகிறார்கள். சிறிய படுக்கையறைக்கு ஒன்றரை டன் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்துவிடும், ஆனால் காற்றிலுள்ள ஈரம் போவதற்குள் இயந்திரம் தணிந்துவிடும். கடலோரத்தில் நம்மை வாட்டுவது பாதி சூடு, பாதி புழுக்கம். எங்கள் அறைக்கு ஒரு டன் போதும் என்று அண்ணாச்சியும் சொன்னார், என் கணக்கும் அதுதான்.

வாரண்டி அட்டையையும் நின்று படிக்க வேண்டும். பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருப்பது கம்ப்ரசருக்கு. எங்கள் பழைய அட்டையில் காயில் அரிப்பும் கேஸ் கசிவும் விலக்குப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கின்றன. கடலோரத்தில் முதலில் சாவது காயில், அடுத்தது அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் போர்டு. கம்ப்ரசர் அவற்றுக்குப் பிறகுதான். போர்டு மூடிய பெட்டிக்குள் இருக்கிறதா, அதன் மேல் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். பல்லி புகுந்து போர்டு எரிவதும் நம் ஊரில் வழக்கமான கதைதான்.

புதியதை வடக்குச் சுவரில் மாட்ட முடிவாகிவிட்டது. மேற்கே மாட்டினால் உப்பு குறையும், ஆனால் பிற்பகல் வெயில் கொளுத்தும். வடக்கில் இரண்டும் ஓரளவுதான். தாமிரக் குழாய் இன்னும் சில அடி நீளும், அதற்கேற்பக் கேஸைத் தராசில் எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். தாங்கும் ஸ்டாண்டு துருப்பிடிக்காத எஃகில் செய்யச் சொல்லியிருக்கிறேன். சாதாரண ஆங்கிளுக்குப் பெயிண்ட் அடித்து மாட்டியதன் கதியைக் கீழ்வீட்டில் பார்த்தேன்: போல்ட்டைச் சுற்றி வெறும் துருச்செதில்.

நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து மாடிக்குத் தனியாக ஒரு மெல்லிய குழாய் இழுத்துவிட்டோம். மாதம் ஒருமுறை அதில் அவுட்டோர் யூனிட்டைக் கழுவப் பக்கத்து வீட்டு அத்தையின் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்ற கட்டளையோடு. அண்ணாச்சி வேலைக்குக் கேட்ட கூலி, நிறுவனத்தின் ரசீதில் பாதிகூட இல்லை. மேலே கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டு, அம்மாவிடம் மோர் மட்டும் கேட்டுக் குடித்தார்.

கடைகளில் ஒன்று மட்டும், காயில் அரிப்புக்கு ஐந்து ஆண்டு வாரண்டி என்று நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தாள் அப்பாவின் கைக்கு வந்த பிறகுதான் நான் சிங்கப்பூரிலிருந்து முன்பணம் அனுப்புவேன்.