எஃப்எம்ஆர்ஐபிரெப்: தலை அசைவை மறைக்காமல் காட்டும் மென்பொருள்

மூளை வேலை செய்வதை அடுத்தடுத்த படங்களாக எடுக்கும் செயல்சார் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின்போது படுத்திருப்பவர் எச்சில் விழுங்கினால்கூடத் தலை சற்றே அசையும்; மூளையின் செயல்பாட்டால் வரும் சமிக்ஞை மாற்றம் மிகச் சிறியது என்பதால், அந்த அசைவு அதை எளிதில் மூழ்கடித்துவிடும். மூளையில் அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பை அசைவு மிகைப்படுத்துகிறது, தொலைவில் உள்ளவற்றின் தொடர்பைக் குறைத்துக் காட்டுகிறது என்று 2012இல் பவர் என்ற ஆய்வாளரின் குழுவினர் எடுத்துக்காட்டிய பிறகு, குழந்தைகளையும் முதியவர்களையும் ஆராய்பவர்கள் இதை ஒதுக்கிவைக்க முடியவில்லை.

எஃப்எம்ஆர்ஐபிரெப், இந்தப் படங்களைப் பகுப்பாய்வுக்குத் தயார்செய்யும், இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். ஒவ்வொரு படத்தையும் ஒரு மேற்கோள் படத்தோடு பொருத்தி, மூன்று இடப்பெயர்ச்சி, மூன்று சுழற்சி என ஆறு அளவுகளைக் கணக்கிடும் வேலையை ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எம்சிஃப்ளர்ட் நிரலிடம் அது ஒப்படைக்கிறது. அசைவுத் திருத்தம், படத்தில் வடிவம் கோணுவதைச் சரிசெய்யும் உருக்குலைவுத் திருத்தம், எல்லோருடைய மூளையையும் ஒப்பிட உதவும் பொது வரைபடத்துக்கு மாற்றுதல் ஆகிய எல்லா மாற்றங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறையில் செய்வதால், படம் மீண்டும் மீண்டும் மங்குவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு நபருக்கும் அது தரும் அறிக்கைதான். அதன் கம்பளப் படத்தில் ஒவ்வொரு வரியும் மூளையின் ஒரு புள்ளி, இடமிருந்து வலமாக நேரம்; தலை அசைந்த நொடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துக் கோடு விழுகிறது, அதற்கு நேர் மேலே அசைவு வரைகோடு எகிறி நிற்கிறது. அசைவு 0.5 மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களை அட்டவணையில் தனியாகக் குறித்தும் தருகிறது. முந்தைய படத்திலிருந்து அந்த ஆறு அளவுகளும் எவ்வளவு மாறின என்று பார்த்து, சுழற்சியை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேல் நகர்ந்த தூரமாக மாற்றி, ஆறு மாற்றங்களையும் கூட்டிப் பெறும் அளவு இது. முதல் படத்துக்கு முந்தைய படம் இல்லாததால் அந்த வரிசையில் எண் இருக்காது. அடுத்து ஓட்டும் நிரல் அங்கே நின்றுபோகலாம் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் கறைபட்ட சமிக்ஞையை இது தானாக நீக்குவதில்லை. அசைவின் தாக்கத்தைக் கழிக்க எந்தெந்த அளவுகளைப் புள்ளியியல் சமன்பாட்டில் சேர்ப்பது, எந்தப் படங்களைக் கழிப்பது என்பதை ஆய்வாளரே முடிவுசெய்ய வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது, ஏனெனில் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருப்பவரை ஸ்கேன் செய்யும் ஓய்வுநிலை ஆய்வுக்குப் பொருந்தும் கண்டிப்பு, பொத்தான் அழுத்தும் நேரத்திலேயே தலையும் அசையும் ஆய்வில் உண்மையான விளைவையும் சேர்த்து அழித்துவிடும்.

மூளைப் புறணியின் (வெளி அடுக்கின்) பரப்பையும் மீட்டுருவாக்கும்போது மணிக்கணக்கில் ஓடும், நினைவகமும் நிறையத் தேவைப்படும். சாதாரண மடிக்கணினிக்கு இது ஏற்றதல்ல. அரோமா என்ற அசைவு நீக்க முறை 23.1 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதைத் தேடுபவர்கள் தனி நிரலாக நிறுவிக்கொள்ள வேண்டும். பதிப்புகளுக்கிடையே இப்படி மாற்றங்கள் வருவதால், ஓர் ஆய்வில் உள்ள அனைவரின் ஸ்கேன்களையும் ஒரே பதிப்பில் ஓட்டி, அந்தப் பதிப்பு எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.